காய்கறியைச் சுவைக்கப் பழக்குவது எப்படி: சத்துணவா, தோட்டமா, சந்தையா, சுவை வகுப்பா?

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் பள்ளிக் குழாயடியைப் பார்த்தாலே போதும், அன்றைக்குச் சாம்பாரில் என்ன காய் என்று சொல்லிவிடலாம். கத்தரிக்காய்த் துண்டுகள், கேரட், அவரை எல்லாம் தட்டு கழுவிய தண்ணீரோடு வாய்க்காலில் ஒதுங்கிக் கிடக்கும். சோறு கிடக்காது, முட்டை கிடக்காது. காய் மட்டும்தான்.

எங்களுடையது ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இந்த வட்டாரத்துக் காய்கறிச் சந்தையைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர்கள் குறைவு. எங்கள் பிள்ளைகளின் அம்மா அப்பா பறிக்கும் முருங்கையும் தக்காளியும் லாரியேறிக் கேரளாவுக்குப் போகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் தட்டில் காயை ஓரங்கட்டுகிறார்கள். இது எனக்கு நெடுநாளாக மனதை அரிக்கும் விஷயம்.

இந்த ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுத்தோம். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சமையல் செய்யும் அக்கா, "நான் இன்னும் கொஞ்சம் ருசியா ஆக்கிப் பாக்குறேன் டீச்சர்" என்றார். விவசாயம் பார்க்கும் ஒரு தகப்பனார் தோட்டம் போடலாம் என்றார். ஓர் அம்மா, வாரம் ஒருநாள் வீட்டிலிருந்தே பழம் கொடுத்து அனுப்பலாம் என்றார். தலைமையாசிரியர் உழவர் சந்தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். நான் வகுப்பிலேயே சுவைக்க வைக்கலாம் என்றேன். ஒரு பாட்டி மட்டும், "பசிச்சாத் தன்னால திங்கும், விடுங்க" என்றார். எங்களிடம் இருக்கும் ஆளுக்கும் நேரத்துக்கும் ஒன்றைத்தான் முழுதாகச் செய்ய முடியும். அதனால் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்த்தேன். எங்களைப் போல முடிவெடுக்க வேண்டிய வேறு பள்ளிகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சத்துணவு. இருக்கும் ஏற்பாடு அதுதான், பணமும் ஆளும் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளுக்கு 50 கிராம் காய்கறி என்பது மத்திய அரசின் அளவு. எங்கள் 58 பேருக்கு அது கிட்டத்தட்ட மூன்று கிலோ. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கியதிலிருந்து காலையிலும் சாம்பாரில் காய் வருகிறது. ஆக, காய் கண்ணில் படாத பிள்ளை என்று யாரும் இல்லை. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் சாம்பார்க் கத்தரிக்காயை நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கும். பிறகு ஏன் பழகவில்லை?

இதற்கு விடை 1987இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் சிறு பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத பழங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றைப் பார்க்க மட்டும் வைத்தார்கள், சிலவற்றைச் சுவைக்கவும் வைத்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த பழம் கண்ணுக்குப் பிடித்துப்போனது, ஆனால் நாக்குக்குப் பிடிக்கவில்லை. சுவைத்த பழம்தான் நாக்குக்கும் பிடித்தது. எங்கள் குழாயடியில் நான் பார்ப்பது இதைத்தான். காய் தட்டுக்கு வருகிறது, விரலால் தள்ளப்படுகிறது, வாய்க்குப் போவதே இல்லை. அதை ஆயிரம் தடவை பரிமாறினாலும் சுவைத்த கணக்கில் சேராது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாம்பாரில் வெந்த காய் எல்லாம் புளியும் மிளகாய்ப் பொடியும் கலந்த ஒரே ருசிக்கு வந்துவிடுகிறது. முள்ளங்கி எது, நூக்கல் எது என்று கண்ணை மூடிக்கொண்டால் எனக்கே தெரியாது. காயைத் துருவி ரவைக் கிச்சடியில் மறைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சத்து உள்ளே போகும், அது வரைக்கும் நல்லது. ஆனால் மறைத்துக் கொடுத்தால் பிள்ளை கேரட்டைத் தெரிந்துகொள்வதில்லை. அடுத்த வாரம் அதே கேரட்டைத் துண்டாகப் பார்த்தால் மறுபடி ஓரங்கட்டும். ஊட்டுவது வேறு, பழக்குவது வேறு. சத்துணவு தோன்றியதே பசியைத் தீர்க்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்கவும். 1956இல் காமராசர் காலத்திலும் 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் அதுதான் நோக்கம். அதை அது இன்றும் நன்றாகவே செய்கிறது. நாக்கைப் பழக்கும் பொறுப்பையும் அதன் தலையில் ஏற்றி, நடக்கவில்லை என்று சமையல் அக்காவைக் குறை சொல்வது நியாயமில்லை.

வீட்டிலிருந்து பழம் கொண்டுவரும் யோசனையை நான் எதிர்த்தேன். சொன்ன அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தினக்கூலிதான் வருமானம். ஒரு டப்பாவில் மாதுளை முத்து இருக்கும், ஒன்றில் ஒரு வாழைப்பழம் இருக்கும், ஒன்று இருக்கவே இருக்காது. அன்றைக்கு டப்பா இல்லாத பிள்ளை பழத்தின் ருசியைப் படிக்காது, தன் வீட்டு நிலைமையைத்தான் படிக்கும். வசதி ஒன்றுபோல இருக்கும் பள்ளிகளில் இது சரியாக வரலாம். அங்கேயும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த பழத்தைத்தான் வீட்டில் வைத்து அனுப்புவார்கள். ஆப்பிள் தின்னும் பிள்ளை ஆப்பிளையே தின்னும். புதிதாக ஒன்றும் வாய்க்குள் போகாது.

சந்தை யோசனையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல யோசனைதான். 1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அது குழந்தைகள் நாளும்கூட. தலைமையாசிரியர் அதே நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று சொன்னபோது எனக்கும் ஆசையாக இருந்தது. எடை போடுவது, விலை கேட்பது, சில்லறை வாங்குவது என்று கணக்குப் பாடமே அங்கே நடக்கும். புடலங்காயை முழு நீளத்தில் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இது ஆண்டுக்கு ஒருநாள் நடக்கும் காரியம். சந்தை விடியற்காலையில் களைகட்டி முற்பகலிலேயே ஓய்ந்துவிடும், வண்டி வேண்டும், பெற்றோர் ஒப்புதல் வேண்டும், இரண்டு ஆசிரியரும் போனால் பள்ளியைப் பூட்ட வேண்டும். ஒருநாள் பார்த்தது ஆர்வத்தைக் கிளப்பும், பழக்கத்தை உண்டாக்காது. மற்ற வழி ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருந்தால் இதை அதன் மேல் சேர்க்கலாம். தனியாக இதை மட்டும் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தோட்டத்தை அப்படி இரண்டு வரியில் தள்ள முடியாது. இரண்டு ஆண்டுக்கு முன் நாங்களே போட்டுப் பார்த்தோம். கை கழுவும் தண்ணீர் ஓடிப் போகும் பக்கம் மூன்று பாத்தி. பள்ளி ஜூனில் திறக்கிறது, ஆடிப்பட்டம் அடுத்த மாதமே வருகிறது, காலம் அருமையாகப் பொருந்துகிறது. முளைக்கீரை 25 நாளில் கைக்கு வந்துவிட்டது. முள்ளங்கிக்கு ஒன்றரை மாதம். வெண்டையும் ஏறக்குறைய அதே அளவு. மூன்றாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர், நான் பாடம் நடத்த வைத்திருந்த பிஞ்சு வெண்டைக்காயைப் பாத்தியிலேயே பறித்துக் கடித்துவிட்டார்கள். அதே மூன்று பேரும் சாம்பாரில் வந்த வெண்டைக்காயைத் தொடாதவர்கள். அன்றைக்கு அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இன்னும் நாலு இருக்கிறது, பறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

தான் விதைத்தது, தான் தண்ணீர் ஊற்றியது என்னும் உரிமை பெரிய விஷயம். வேறு எந்த வழியும் அதைத் தராது. பள்ளித் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. காய்களைப் பற்றிய அறிவு கூடுகிறது, சுவைத்துப் பார்க்கும் விருப்பமும் கூடுகிறது. தினசரி உண்ணும் அளவு கூடுகிறதா என்று கேட்டால் முடிவுகள் ஒன்றுபோல இல்லை.

ஏன் என்று எங்கள் தோட்டமே எனக்குக் காட்டியது. முதல் காரணம், விளைச்சல் ஒரே நேரத்தில் வராது. ஒருநாள் ஆறு வெண்டைக்காய், இன்னொரு நாள் ஒன்றுமில்லை. 58 பேருக்குப் பங்கு போட முடியாது. தக்காளியும் கத்தரியும் இரண்டரை மூன்று மாதம் எடுத்துக்கொண்டு காலாண்டு விடுமுறையில் காய்த்தன. இரண்டாவது, ஆடு. வேலி போட்டோம், வேலிக்கு மேல் எட்டித் தின்றது. மூன்றாவதுதான் பெரியது. மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது? பக்கத்து வீட்டுத் தாத்தா இரண்டு வாரம் ஊற்றினார், அப்புறம் ஆழ்துளைக் கிணறே வற்றிவிட்டது. ஜூனில் வந்து பார்த்தபோது பாத்தி இருந்த இடமே தெரியவில்லை.

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கு மத்திய அரசு 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெரிய இடம் தேவையில்லை, தொட்டிகளும் மொட்டை மாடியும்கூடப் போதும் என்கிறது. உண்மைதான். இடம் எங்களுக்கும் இருந்தது. இல்லாமல் போனது தண்ணீரும் விடுமுறைக்கு ஓர் ஆளும். அது இரண்டும் உறுதியாக இருக்கும் பள்ளி தோட்டத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இனி சுவை வகுப்பு. இதற்கு ஒரு முன்மாதிரி பிரான்சில் இருக்கிறது. ழாக் புயிசே என்ற ஒயின் அறிஞர் 1970களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுவையைப் பாடமாகவே நடத்தத் தொடங்கினார். உடம்புக்கு நல்லது, தின்னு என்று அதில் யாரும் சொல்வதில்லை. பார், முகர்ந்து பார், தொட்டுப் பார், கடிக்கும்போது வரும் சத்தத்தைக் கேள், பிறகு நாக்கில் வை, என்ன தோன்றியது என்று சொல். அவ்வளவுதான். பின்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளும் இந்த முறையைத் தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டன.

எனக்கு இது பிடித்ததற்கு முதல் காரணம் தமிழ் வகுப்பு. எங்கள் பிள்ளைகள் காயை ஒதுக்கும்போது சொல்வது இரண்டே சொல்: "நல்லால்ல டீச்சர்." எது நல்லாயில்லை? வாழைப்பூவின் துவர்ப்பா, வெண்டையின் வழவழப்பா, முள்ளங்கியின் வாடையா, கத்தரிக்காய்த் தோல் பல்லில் நறநறப்பதா? சொல்லத் தெரியாது. ஆறு சுவைக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு. அதற்கு மேல் மொறுமொறு, கொழகொழ, சதசத, கரகர என்று வாய்க்குள் நடப்பதற்கெல்லாம் சொல் இருக்கிறது. பிள்ளை துவர்ப்பு என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறது, நாக்கில் படிப்பதில்லை. ஒரு நெல்லிக்காய்த் துண்டைக் கடிக்க வைத்து, அடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் தண்ணீர் இனிக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் சர்க்கரை போட்டது யார் என்று என்னையே கேட்டார்கள்.

இரண்டாவது காரணம், கூட்டம். பக்கத்தில் இருப்பவன் தின்பதைப் பார்த்துத் தின்பது பிள்ளைகளின் இயல்பு. 1980இல் லீன் பர்ச் இதையும் ஆராய்ந்தார். ஒரு காயைப் பிடிக்காத பிள்ளையை, அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு சில நாள் சேர்த்து உட்காரவைத்தால் அதன் விருப்பமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வீட்டில் அம்மா ஒருத்தியாகப் போராடுவதை வகுப்பில் இருபது பேர் சேர்ந்து செய்துவிடுகிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவன் "உவ்வே" என்று சொன்னால் வரிசையே உவ்வே என்னும். அதனால் சுவை வகுப்புக்கு ஒரு கட்டுப்பாடு தேவை. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், ஏன் என்றும் சொல்லலாம். முகம் சுளித்து அடுத்தவன் வாயைக் கெடுக்கக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம். வாயில் வைத்த பிறகு பிடிக்காவிட்டால் காகிதத்தில் துப்பிவிடலாம். துப்ப அனுமதி கொடுத்ததும்தான் சில பிள்ளைகள் வாயிலேயே வைத்தார்கள். இதை நான் சென்ற ஆண்டு நாலு வகுப்பு நடத்தியபோது கண்ணால் பார்த்தேன்.

சரி, குறை என்ன? அந்த நாலு வகுப்பிலேயே ஒரு தவறு செய்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் காய். கேரட், பீட்ரூட், வெள்ளரி, முள்ளங்கி. பிள்ளைகள் உற்சாகமாக இருந்தார்கள், எனக்கும் நிறையக் காய்களை அறிமுகப்படுத்திய நிறைவு. ஆனால் குழாயடியில் ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் உறைத்தது. புது உணவு ஒன்று பிள்ளைக்குப் பழக எட்டு முதல் பதினைந்து தடவை வரைக்கும் சுவைக்க வேண்டியிருக்கும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வாரம் ஒரு காய் என்றால் ஒவ்வொரு காய்க்கும் ஒரே ஒரு தடவைதான். திருவிழாவில் சாமியைத் தூரத்திலிருந்து பார்த்த மாதிரி. பெயர் தெரியும், பழக்கம் வராது.

அதனால் நான் இப்போது சொல்வது வேறு. காய்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், தடவையைக் கூட்ட வேண்டும். லண்டனில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காயை ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள், நாளுக்கு ஒரு சிறு துண்டு கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காய் முன்பைவிடப் பிடித்துப்போனது. அந்தப் பன்னிரண்டு நாளைத்தான் நான் பள்ளிக்குள் கொண்டுவர நினைக்கிறேன். ஒரு காய்க்கு இரண்டு வாரம். பள்ளி நாள் பத்து. முதல் நாள் முழு வகுப்பு, நாற்பது நிமிடம். மற்ற ஒன்பது நாளும் மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன், வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஒரு விள்ளல். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

சாப்பாட்டுக்கு முன் என்பதை அந்தப் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பசித்தால் தன்னால் தின்னும் என்று விட்டுவிட்டால் நடக்காது, பசிக்கும்போது சோறு இருந்தால் சோற்றைத்தான் தின்னும். ஆனால் பசித்த வாயில் முதலில் போவது காய் என்று ஆகிவிட்டால் பாட்டி சொன்னதுதான் நடக்கும்.

செலவுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 10 கிராம் என்றால் 58 பேருக்கு 580 கிராம். பத்து நாளுக்கு 5.8 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் ஒரு காய்க்கு 232 ரூபாய். முதல் பருவத்தில் பன்னிரண்டு வாரம் கிடைத்தால் ஆறு காய், 1,392 ரூபாய். சந்தைக்குப் போகும் பெற்றோர் சிலர் காயாகவே தருவதாகச் சொல்லிவிட்டார்கள், ஆகவே இதுவும் முழுதாகத் தேவைப்படாது. சத்துணவுக் காயிலிருந்து இதற்கு எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த 50 கிராம் பிள்ளைகளின் சாப்பாடு. இது அதற்கு மேல்.

சுவைத்த பிள்ளைக்கு ஏதாவது கொடுக்கலாமா? கூட்டத்தில் இது நீண்ட விவாதமானது. காய் தின்றால் மிட்டாய் என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அப்படிச் செய்தால் காய் ஒரு தண்டனை, மிட்டாய்தான் பலன் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். தட்டைக் காலி செய்தால்தான் விளையாட விடுவேன் என்பதும் அதே வகை. 1980களில் நடந்த சோதனைகளில், ஒன்றைக் குடித்தால் பரிசு என்று சொன்னபோது அந்தப் பானத்தின் மேலேயே பிள்ளைகளுக்கு விருப்பம் குறைந்தது. சிறு வயதில் என்னைத் தட்டோடு உட்காரவைத்துச் சுரைக்காயை விழுங்க வைத்திருக்கிறார்கள். முப்பது வயது வரை நான் சுரைக்காயைத் தொட்டதில்லை.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நான் மேலே சொன்ன லண்டன் ஆய்வில் சில பிள்ளைகளுக்குச் சுவைத்ததற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள், சிலரை வாயாரப் பாராட்டினார்கள், சிலருக்கு ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் வாங்கிய பிள்ளைகளுக்கு விருப்பம் குறைந்துவிடவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஸ்டிக்கரோ பாராட்டோ பெற்றவர்கள் அந்தக் காயைத் தின்னும் அளவும் நின்று நிலைத்திருந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பரிசு ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்ததற்கு. தட்டைக் காலி செய்ததற்கு அல்ல, தின்பண்டமும் அல்ல. அதனால் சுவரில் ஒரு தாள் ஒட்டி, சுவைத்தவர்கள் தங்கள் பெயருக்கு நேரே தாங்களே ஒரு பொட்டு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஒத்துக்கொண்டேன். பொட்டு வைக்காதவர் பெயரை யாரும் படிக்கக் கூடாது என்பது நான் போட்ட நிபந்தனை.

வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை நம்ப வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லோர் நாக்கும் ஒன்றல்ல. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. கூட வேலை செய்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இது பிறவியிலேயே வரும் வேறுபாடு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ், நூக்கல், முள்ளங்கி இனத்துக் காய்களில் இருக்கும் கசப்பைச் சிலர் மற்றவர்களைவிட அதிகமாக உணர்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆக, ஒரே வகுப்பில் ஒரே முள்ளங்கியைக் கடித்த இரண்டு பிள்ளைகளின் வாயில் நடப்பது இரண்டு வேறு விஷயம். கசக்கிறது என்று அழும் பிள்ளை அடம்பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறது. அதனிடம் சின்னத் துண்டாக, சற்று உப்புத் தொட்டுக் கொடுக்கலாம். உப்பு கசப்பை மட்டுப்படுத்தும் என்பது நம் அம்மாக்களுக்கு எப்போதோ தெரியும், பாகற்காயில் உப்புப் பிசிறி வைப்பது அதற்குத்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு எங்கள் குழு சுவை வகுப்பையும் தினசரி விள்ளலையும் தேர்ந்தெடுத்தது. தோட்டக்காரத் தகப்பனார் வருத்தப்பட்டார். அவருக்காக என்று மட்டும் சொல்லமாட்டேன், எனக்கும் ஆசைதான்: ஒரே ஒரு பாத்தி போடுகிறோம், அதிலும் கீரையும் முள்ளங்கியும் மட்டும். இரண்டும் விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். சந்தைப் பயணம் நவம்பருக்கு. சத்துணவு இப்போது போலவே நடக்கும், ஒரு சிறு மாற்றத்தோடு. எந்தக் காயை இரண்டு வாரம் சுவைக்கிறோமோ அது அந்த வாரங்களில் ஒருநாளாவது பொரியலாகத் தனியே தட்டில் வரட்டும் என்று கேட்டிருக்கிறோம். சாம்பாரில் கரையாமல் அது அதுவாகவே தெரியட்டும்.

எந்தப் பள்ளிக்கும் இதுதான் சரி என்று சொல்லமாட்டேன். ஆசிரியர் ஒருவரே இருக்கும் பள்ளியில் நாற்பது நிமிட வகுப்பை விட்டுவிட்டு விள்ளலை மட்டும் செய்யலாம், பலனில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது. நகரத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் செடியே தெரியாது என்றால், நாலு தொட்டியில் கீரை போட்டு அங்கிருந்து தொடங்குவது நல்லது.

தொடங்கும் முன் சில முன்னெச்சரிக்கை. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கத்தரிக்காயும் அன்னாசியும் சிலருக்கு வாயில் அரிக்கும். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேரட்டை வட்டமாக நறுக்கிக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். மெல்லிய குச்சியாக நறுக்கலாம், துருவியும் கொடுக்கலாம். திராட்சையை முழுதாகக் கொடுக்காமல் நீளவாக்கில் கீற வேண்டும். காயை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், பிள்ளைகளின் கையையும். வாயில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. முதலில் ஆசிரியர் தின்று காட்ட வேண்டும், அதுவும் உண்மையாகவே தின்ன வேண்டும். நடிப்பைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் சுவை வகுப்பைக் காயில் தொடங்கப்போவதில்லை. வாழைப்பழத்தில் தொடங்குகிறேன். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, செவ்வாழை, கூடவே எங்கள் பக்கத்து விருப்பாச்சி மலைவாழை. முடிக்கொத்து நோய் அந்த மலைவாழையை ஒருகாலத்தில் ஏறக்குறைய அழித்தே விட்டது, இன்றும் எளிதில் கிடைப்பதில்லை. பழம் பிடிக்காது என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஐந்தும் ஐந்து விதம் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிக்கும்போது நாக்கைக் கூர்ந்து கவனிக்கப் பழகிவிடுவார்கள். சொற்களும் வந்துவிடும். அப்புறம் கேரட், வெண்டை, பீட்ரூட், முள்ளங்கி, முருங்கைக்கீரை என்று இரண்டிரண்டு வாரம். இடையில் வெள்ளிக்கிழமைகளில் ஆயக்குடிக் கொய்யா, நெல்லிக்காய், கிடைத்தால் நாவல்.

பாகற்காயைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்திருக்கிறேன். சமையல் அக்கா மெல்லிசாக நறுக்கி மொறுமொறுவென்று வறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒரு சிறு துணுக்குப் பச்சையாகவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை.